திரும்பத் திரும்பப் பயன்படும் சென்ட்ரிங் தகடு: மேல்தளம் போடும் முன்னும் பிரிக்கும் போதும் பார்க்க வேண்டியவை

10 அடிக்கு 10 அடி அறை ஒன்றின் மேல் 5 அங்குலக் கனத்தில் தளம் போட்டால், ஈரக் கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 3 டன் வரும். கெட்டிப்படும் வரை அந்த எடை முழுவதையும் சென்ட்ரிங் எனப்படும் தற்காலிக அச்சின் பதினேழு பதினெட்டு இரும்புத் தகடுகள்தான் ஏந்தி நிற்கின்றன. அந்தத் தகடுகளை ரன்னர்கள் (அடியில் படுக்கையாக ஓடும் சட்டங்கள்) தாங்குகின்றன, ரன்னர்களை ஜாக்கிகள் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இரும்பு முட்டுகள்) தாங்குகின்றன, ஜாக்கிகளைத் தரை தாங்குகிறது. இந்த வரிசையில் எது இளகினாலும் மேலே இருக்கும் எல்லாம் அதோடு இறங்கும்.

பலகை ஊறும், உளுக்கும், நாலைந்து தளத்தில் ஓரம் சிதைந்துவிடும். இரும்புத் தகட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒழுங்காகக் கையாண்டால் பல பத்துத் தளங்களுக்கு வரும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் தகடு முந்தைய வேலைகளில் வாங்கிய நெளிவையும் சுமந்துகொண்டு வருகிறது. அடுத்த வேலைக்காரரும் அதே தகட்டுக்காகக் காத்திருக்கிறார். வாடகை நாள் கணக்கில் ஓடுவதால் சீக்கிரம் பிரித்துக் கொடுத்துவிடும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். மேல்தளத்தில் காணும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே தொடங்குகின்றன: வந்த தகட்டைச் சோதிக்காமல் ஏற்றுவது, நாள் கணக்கு முடியும் முன் இறக்குவது.

தகடு வந்து இறங்கும் போது

பரவலாகப் புழங்கும் அளவு 3 அடிக்கு 2 அடி, அதாவது 900 × 600 மி.மீ. சுற்றிலும் 25 மி.மீ. ஆங்கிள் சட்டம், நடுவில் ஒரு குறுக்கு ஆங்கிள் அல்லது பட்டை, மேலே தகடு. 14 கேஜ் தகடு சுமார் 2 மி.மீ. கனம், 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. எண்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் போலத் தெரியாது. ஆனால் தகட்டின் தொய்வு கனத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 2 மி.மீ. தகடு 1 மி.மீ. தொய்யும் இடத்தில், 1.2 மி.மீ. தகடு நாலரை மி.மீ. தொய்யும். பிரித்த பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு தொப்பை வீதம் சீலிங்கில் தெரிவதற்குக் காரணம் இதுதான். பிறகு அதைப் பூச்சில் மறைக்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கை சரிபார்த்தால் மட்டும் போதாது. ஒரு டேப், ஒரு நேரான அலுமினிய மட்டக்கோல், கனம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் மொத்த லோடையும் நல்லது, கெட்டது என்று பிரித்துவிடலாம். முதலில் மூலைவிட்டம். 900 × 600 தகட்டில் இரண்டு மூலைவிட்டமும் 1082 மி.மீ. வர வேண்டும். இரண்டுக்கும் இடையே 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தத் தகடு சாய்சதுரம் ஆகிவிட்டது, பக்கத்துத் தகட்டோடு ஒட்டி உட்காராது. அடுத்து மட்டக்கோலை முகத்தின் மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம், கோல் ஆடினால் மேடு. பிறகு மூலைகள். மாடியிலிருந்து வீசப்பட்ட தகடு மூலையில்தான் விழுந்திருக்கும். அங்கே வெல்டு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைசியாக, பழைய துரு உரிந்து உரிந்து தகடு மெலிந்திருக்கும் இடத்தில் காலிப்பர் வையுங்கள். மின்விளக்குப் பெட்டிக்காக யாரோ போட்ட ஓட்டைகள் இருந்தால் அவற்றை வெல்டு வைத்து அடைத்து, தேய்த்துச் சமப்படுத்திய பிறகே ஏற்றுங்கள். அந்த ஓட்டை வழியாகச் சிமெண்ட் பால் வடிந்துபோகும்.

தாங்குவது

தகடு உடைந்து தளம் விழுவது அரிது. விழுவதெல்லாம் பெரும்பாலும் முட்டுகளால்தான். ஆகவே இந்தப் பகுதியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

3 அடி நீளத் தகட்டின் இரு முனையும் ரன்னர் மேல் முழுதாக அமர வேண்டும், அதனால் ரன்னர்கள் 3 அடிக்கு ஒன்று. ஒரே ரன்னரில் இரண்டு தகடுகளின் முனைகள் வந்து சேர்வதால், ரன்னரின் மேல்முகம் 3 அங்குல அகலமாவது இருக்க வேண்டும். குறுகிய ரன்னரில் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் தகடு, ஆள் ஓரத்தில் கால் வைத்ததும் கவிழும். மேலே வேலை செய்பவர் தகட்டோடு கீழே வருவார். அறையின் ஓரத்தில் மீதியாகும் 3, 4 அங்குல இடைவெளிக்கு முழுத் தகட்டைப் பக்கத்துத் தகட்டின் மேல் ஏற்றி அடுக்கக் கூடாது. சீலிங்கில் படி விழும். அந்த அளவுக்குச் சிறு தகடோ, தகட்டின் மொத்த உயரத்துக்குச் சமமாகச் சீவிய மரச்சட்டமோ போடுங்கள்.

முட்டுக்கு வரும் எடையைக் கணக்குப் பார்க்கலாம். 125 மி.மீ. தளத்துக்கு ஒரு சதுர மீட்டரில் கான்கிரீட் 312 கிலோ. ஆட்கள், தள்ளுவண்டி, வைப்ரேட்டர் என்று 200 கிலோ. தகடும் ரன்னரும் 30 கிலோ. ஜாக்கிகள் இரு திசையிலும் 900 மி.மீ. தள்ளி நின்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 450 கிலோ. இந்த எடையை நல்ல ஜாக்கி தாங்கும். அடியில் இருக்கும் மண்தான் தாங்காது. 150 × 150 மி.மீ. அடித்தட்டு வழியாக இறங்கும்போது அது சதுர மீட்டருக்கு 20 டன் அழுத்தம். புதிதாகக் கொட்டி நிரப்பிய மண் அதை ஏற்காது, முதல் நாள் மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதே ஜாக்கிக்கு அடியில் 9 அங்குல அகலம், 2 அடி நீளம், 2 அங்குலக் கனத்தில் ஒரு பலகை வைத்தால் அழுத்தம் மூன்றரை டன்னுக்கும் கீழே வந்துவிடும். செங்கலை வைத்து முட்டுக் கொடுப்பதை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்காதீர்கள். செங்கல் எச்சரிக்கை கொடுக்காமல் பிளக்கும்.

ஜாக்கியில் இன்னொரு சிறு பொருள் உண்டு, பின். உள்குழாயையும் வெளிக்குழாயையும் பிணைக்கும் அந்தக் கெட்டி எஃகுப் பின் தொலைந்துபோனால், கையில் கிடைத்த 8 அல்லது 10 மி.மீ. கம்பித் துண்டைச் சொருகிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஓட்டையில் கம்பி லொடலொடவென்று ஆடும். எடை ஏறியதும் நடுவில் வளையும், ஜாக்கி அரை அங்குலம் இறங்கும், அந்த எடை பக்கத்து ஜாக்கிக்கு மாறும். அங்கேயும் கம்பித் துண்டு இருந்தால் அடுத்ததும் இறங்கும். கான்கிரீட் போடும் முன் எல்லா ஜாக்கிகளின் பின்னையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

முட்டு தூக்குக் குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். 10 அடிக்கு மேல் உயரம் என்றால் நடு உயரத்தில் இரு திசையிலும் குறுக்குக் குழாய் கட்டாமல் விடாதீர்கள். நீண்ட முட்டு நசுங்கி விழுவதில்லை, வில் போல வளைந்து விழுகிறது. வளையும் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் தாங்குதிறன் ஏறக்குறைய 4 மடங்காகும். மாடிக்கு மேல் மாடி போடும்போது மேல்தளத்து ஜாக்கிகள் கீழ்தளத்து ஜாக்கிகளுக்கு நேர் மேலே வர வேண்டும்.

தகட்டு அமைப்பின் நடுவில் சற்றே மேல்நோக்கிய வளைவு கொடுங்கள், மீட்டருக்கு 4 மி.மீ. என்ற கணக்கில். 12 அடித் தளத்துக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல்.

இடுக்கு, எண்ணெய், வெயில்

இரும்பு தண்ணீரைக் குடிக்காது. கலவையில் மிஞ்சும் நீர் தகடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கைத் தேடி ஓடும், சிமெண்டையும் மணலையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கோட்டில் ஜல்லி மட்டும் தங்கித் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகும், சில வருடங்களில் அங்கிருந்துதான் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். இடுக்குகளை அகலமான ஒட்டுநாடாவாலோ நுரைப்பட்டையாலோ அடையுங்கள். மொத்தத் தளத்துக்கும் பாலித்தீன் விரிப்பது சுலபம்தான், ஆனால் அதன் ஒவ்வொரு சுருக்கமும் கான்கிரீட்டுக்குள் மடிப்பாகப் பதியும்.

தகட்டில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பூசும் எண்ணெயைக் கம்பி கட்டும் முன்பே பூச வேண்டும். கம்பியின் மேல் எண்ணெய் பட்டால் கான்கிரீட் அதைப் பிடிக்காது. அச்சுக்கென்று விற்கும் எண்ணெயைத் துணியால் தேய்த்து, விரல் வைத்தால் மினுக்க வேண்டும், சொட்டக் கூடாது என்ற அளவில் நிறுத்துங்கள். பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். சீலிங் கறுத்துப் போகும், பூச்சும் பெயிண்டும் பிடிக்காது, பூசுபவரின் தோலுக்கும் கேடு.

கம்பி கட்டி முடித்ததும் தகட்டின் மேல் குனிந்து பாருங்கள். நறுக்கிப் போட்ட கட்டுக்கம்பித் துணுக்குகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். அவை கான்கிரீட்டின் அடிமுகத்திலேயே பதிந்து, ஒரு மழைக்காலம் கழிந்ததும் வெள்ளைச் சீலிங்கில் பழுப்புப் புள்ளிகளாக வெளிவரும். பலகையில் இவற்றைக் கூட்டி எடுப்பது கடினம். தகட்டில் காற்றடித்தாலே ஓடிவிடும். கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பி தகட்டைத் தொடாமல் உயர்த்தும் சிறு கட்டை) மட்டும் வையுங்கள், கட்டுக்கம்பியால் கட்டி வையுங்கள். வழவழப்பான தகட்டில் கட்டாத பிளாக் காலிடறினால் நழுவிவிடும், கம்பி தகட்டில் உட்கார்ந்துவிடும்.

வெயிலில் காய்ந்த தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கொட்டும் கான்கிரீட்டின் அடிப்படலம் சட்டென்று இறுகும். விடியலிலேயே தொடங்குங்கள், அல்லது போடும் முன் தண்ணீர் தெளித்துத் தகட்டைக் குளிர வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, நாங்கள் வற்புறுத்திச் சொல்கிறோம். இது தகடு, கம்பி, ஈரம் மூன்றும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மேடை. மின்சார வைப்ரேட்டரின் வயர் ஓரிடத்தில் உரிந்திருந்தால் மொத்த மேடையிலும் மின்சாரம் பாயும், மேலே நிற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் பிரேக்கர் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். வயரைத் தகட்டின் மேல் இழுக்காமல் கம்பத்தில் உயர்த்திக் கட்டுங்கள்.

ஊற்றும் நேரம்

பம்ப் குழாயை ஒரே இடத்தில் பிடித்து அரை மீட்டர் உயரத்துக்குக் குவித்தால், அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 1250 கிலோ. 450 கிலோவுக்கு நிறுத்திய ஜாக்கியின் தலையில் 1 டன்னுக்கு மேல் இறங்கும். வரவரப் பரப்பிக்கொண்டே போக வேண்டும். வைப்ரேட்டர் ஊசி தகட்டைத் தொடக் கூடாது. தொட்டால் தகடு அதிர்ந்து இடுக்கு திறக்கும்.

கீழே கவனிக்க ஒருவர் வேண்டும், ஆனால் தளத்துக்கு அடியில் நின்று அல்ல. தகட்டின் அடியில் ஒரு குச்சியைத் தொங்கவிடுங்கள், அதை ஒட்டித் தரையில் இன்னொரு குச்சியை ஊன்றுங்கள், இரண்டிலும் ஒரே மட்டத்தில் பளிச்சென்ற கோடு போடுங்கள். கோடுகள் விலகினால் எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்று வாசலில் நின்றபடியே தெரியும். 5 மி.மீ. விலகினாலே ஊற்றுவதை நிறுத்தச் சொல்லி, மேலிருப்பவர்களை இறக்குங்கள்.

பிரிக்கும் நாள்

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு இது. தகட்டை எடுத்தவுடன் முட்டுகளை மறுபடி நிறுத்துவதாக இருந்தால், தளத்தின் அடித்தகட்டை 3 நாளில் எடுக்கலாம். முட்டுகளை எடுக்க, 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமின் முட்டுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர். இந்தக் கணக்கு சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, அதுவும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலைக்கு என்பதை விட்டுவிடுகிறார்கள். சாம்பலோ கசடோ கலந்த சிமெண்ட் ஆரம்ப நாட்களில் மெதுவாகவே வலுப்பெறும். மூட்டையில் பிபிசி என்றோ பிஎஸ்சி என்றோ அச்சிட்டிருந்தால் 7 நாள் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள், பொறியாளரிடம் கேட்டு நாளைக் கூட்டுங்கள்.

“முட்டுகளை மறுபடி நிறுத்துவதாக இருந்தால்” என்ற நிபந்தனைதான் தகட்டு வேலையில் அதிகம் மீறப்படுகிறது. தகட்டை உருவ ரன்னரை இறக்க வேண்டும், ரன்னரை இறக்க ஜாக்கியைத் தளர்த்த வேண்டும். மொத்த அறையையும் ஒரே வீச்சில் பிரித்துவிட்டு மாலையில் நாலு ஜாக்கி திரும்ப நிறுத்துவது மறுமுட்டு ஆகாது. தளம் அதற்குள் வளைந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை வாங்கியிருக்கும். சென்ட்ரிங் அடிக்கும்போதே அறையின் நடுவில் ஒரு பட்டையைத் தனி ரன்னரில், தனி ஜாக்கிகளில் அமைத்துவிட்டால், இரு பக்கத் தகடுகளையும் உருவிய பிறகும் அந்தப் பட்டை அசையாமல் நிற்கும்.

தளர்த்தும் வரிசையும் முக்கியம். இரு பக்கமும் தாங்கிய தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி. சன்ஷேடு, பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் தாங்கி வெளியே நீள்வதில் வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி. பால்கனியில் நுனியிலுள்ள முட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தால், மேற்கம்பியை நம்பி வடிவமைத்த தளம் அடிக்கம்பி இல்லாத இடத்தில் வளையும்.

பிரித்த சீலிங் கண்ணாடி போல இருக்கும். பூச்சுப் பூசுவதானால் பிரித்த ஓரிரு நாளிலேயே, கான்கிரீட் இளசாக இருக்கும்போதே, நெருக்கமாகக் கொத்திவிடுங்கள். வழவழப்பில் பூசியது பின்னாளில் பாளமாகத் தலையில் விழும். தகடு சமமாக இருந்திருந்தால் பூச்சே இல்லாமல் புட்டி மட்டும் வைத்து முடிக்கலாம்.

உருவிய தகட்டை அன்றைக்கே சுரண்டுங்கள். மறுநாள் என்றால் சுத்தியல் எடுக்க வேண்டியிருக்கும், பின்பக்கம் அடிக்கும் ஒவ்வொரு அடியும் முகத்தில் ஒரு மேடு. மாடியிலிருந்து வீசாமல் கைமாற்றி இறக்குங்கள், முகத்தோடு முகம் சேர்த்து, மண்ணில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சேராது என்று ஒதுக்கிய தகட்டின் முகத்தில் சிவப்புப் பெயிண்டால் குறுக்கே பெருக்கல் குறி போட்டுத் தனியே வையுங்கள். குறி இல்லாவிட்டால் அதே லோடில் அதுவும் அடுத்த வீட்டுக்கு ஏறிவிடும்.