ஸ்டீராய்டு இல்லையென்றால், ஊசியில் வேறு என்ன இருக்கிறது?

"டாக்டர், ஸ்டீராய்டு இல்லாத ஊசியா போடுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் அந்தத் தையல்காரர். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. இடுப்பில் கிளம்பும் வலி தொடை, கெண்டைக்கால் வழியாகக் கால் கட்டைவிரல் வரை ஷாக் அடித்த மாதிரி இறங்குகிறது. போன வருடம் வேறொரு கிளினிக்கில் முதுகில் போட்ட ஸ்டீராய்டு ஊசியில் வலி அடங்கியதாம். சர்க்கரை மட்டும் 350-க்கு ஏறி, ஒரு வாரம் ஆட்டி வைத்ததாம்.

அவர் பயம் நியாயமானது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்துவதோடு, அங்கே அழற்சியையும் கிளப்புகிறது. ஸ்டீராய்டு அந்த அழற்சியை அடக்கும், சர்க்கரையை ஏற்றும்.

சரி, அது இல்லாமல் என்ன போடலாம்? எளிமையானது, மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் மட்டும். முதுகுத்தண்டுக் குழாய் குறுகிய 400 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு சேர்த்தவர்களுக்கும் வெறும் லிடோகெயின் போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜவ்வுப் பிதுக்கத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சர்க்கரைக்காரர்களிடம் நான் யோசித்துத்தான் ஸ்டீராய்டைத் தொடுகிறேன்.

கறி வேக பப்பாளிக்காய் போடுவோமே, அந்தப் பப்பாளிப் பாலின் நொதியை ஜவ்வுக்குள்ளேயே செலுத்திக் கரைத்த காலமும் உண்டு. 1982-இல் அமெரிக்கா அனுமதித்தது. சிலருக்கு உயிரை மிரட்டும் ஒவ்வாமை வந்தது, பிறகு வழக்கொழிந்தது. ஜப்பானில் 2018 முதல் காண்டோலியேஸ் என்ற வேறு நொதி இருக்கிறது. ஒவ்வாமை பயத்தால் அதையும் ஒருவருக்கு ஆயுளில் ஒரே தடவைதான் போடுவார்கள். ஆக, 'ஸ்டீராய்டு இல்லை' என்றாலே ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. ஓசோன் வாயு, சொந்த ரத்தத்திலிருந்து பிரிக்கும் பிஆர்பி இரண்டுக்கும் விளம்பரம் இருக்கிற அளவுக்கு ஆய்வு இல்லை. பணம் கட்டுமுன் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

பாதத்தைத் தூக்கும் பலம் இருக்கிறதா என்று பார்க்கத் தையல்காரரைக் குதிகாலில் நடக்கச் சொன்னேன், நடந்தார். இந்தத் தடவை வலி வந்து மூன்று வாரம்தான். பிதுங்கிய ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதுண்டு. பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் வலி குறைந்துவிடும். அதனால் ஊசியே வேண்டாம், மாத்திரையும் நடையும் போதும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்!

அப்புறம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்: சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ என் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.