மூக்கோரத்துப் புண்ணைப் பொசுக்குவதற்கு முன்னால்

மூக்கு மடலை ஒட்டி மிளகு அளவில் ஒரு கருப்பு முடிச்சு. முகம் துடைத்தால் துண்டில் ரத்தம் படும், அப்புறம் பொருக்கு கட்டும், பொருக்கு உதிர்ந்தால் மறுபடி ரத்தம். அறுபதைத் தாண்டிய, வயல் வேலைக்குப் போகும் ஓர் அம்மா இதோடு இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டு வந்தார். "மருதான் டாக்டர், கரண்ட் வச்சு எடுத்தாங்க, திரும்ப வந்துடுச்சு." எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டேன். எல்லாம் பொசுங்கிவிட்டதாம், அனுப்ப எதுவும் மிஞ்சவில்லை.

எனக்கு மனசு கனத்துப்போவது இந்த இடத்தில்தான்.

அது மரு இல்லை, பேசல் செல் கார்சினோமா. உலகத்தில் அதிகம் பேருக்கு வரும் தோல் புற்றுநோய். வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்பாகத் தெரிவது நம் நிறத்தில் பெரும்பாலும் கருப்பாக இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து டார்ச் அடித்துப் பாருங்கள்: ஓரம் மணி கோத்த மாதிரி பளபளக்கும், நடுவில் லேசாகக் குழி விழுந்திருக்கும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் மரக்கிளை போலப் பிரியும் ரத்தக்குழாய்களும் சாம்பல் நீலத் திட்டுகளும் தெரியும்.

முக்கியக் காரணம் பல வருட வெயில். செல் பெருக்கத்துக்கு பிரேக் மாதிரி இருக்கும் மரபணுவைப் புற ஊதாக் கதிர் கெடுத்துவிடுகிறது. நம் தோலின் கருமை நல்ல பாதுகாப்புதான், ஆனால் முழுக் கவசம் இல்லை. ஆர்சனிக் கலந்த குடிநீர், முன்பு எடுத்த கதிர்வீச்சு சிகிச்சை இவையும் காரணமாகலாம்.

இது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் விட்டால் மூக்குக் குருத்தெலும்பு, கண் இமை என்று உள்ளே அரித்துக்கொண்டே போகும். மேலே பொசுக்கினால் தழும்புக்கு அடியில் சத்தமில்லாமல் வளரும், வெளியே தெரியும்போது பெரிதாகியிருக்கும்.

"கத்தி பட்டா பரவிடும்" என்று சொல்லிப் பயாப்ஸிக்கு, அதாவது துளி சதை எடுத்துப் பரிசோதிப்பதற்கு, பயப்படுகிறவர்கள் நிறைய. பரவாது. மரத்துப்போக ஓர் ஊசி, 3 அல்லது 4 மில்லிமீட்டர் சதை, ஒரு தையல், அவ்வளவுதான்.

உறுதியானால் அறுவை சிகிச்சைதான் முதல் வழி. எல்லை தெளிவாகத் தெரியும் சின்னக் கட்டி என்றால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறோம், சுமார் 95 சதவீதம் பேருக்கு அதிலேயே கட்டி முழுவதும் நீங்கிவிடும். மூக்கு, கண், காது ஓரங்களில் மோஸ் முறை சிறந்தது: ஒவ்வொரு அடுக்காக எடுத்து, அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் மேலும் எடுப்பார்கள். மேலோட்டமான வகைக்கு இமிக்விமோட் களிம்பு ஆறு வாரம் போடலாம். அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. அதனால் யார் மருவை எடுத்தாலும், "பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குக் கன்னத்துத் தோலை நகர்த்தி மூட வேண்டியிருந்தது, முதலிலேயே பரிசோதித்திருந்தால் சின்னத் தையலோடு முடிந்திருக்கும். தையல் பிரிக்க வந்த அன்று மூக்குத்தி எப்போது போடலாம் என்றுதான் முதலில் கேட்டார். ஒரு முறை வந்தவருக்கு வேறு இடத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.