மீனம்பாக்கத்துப் பலூன் ஏன் திரும்பி வருகிறது?

“பலூனில் கட்டிவிடும் பெட்டியில் வெப்பமானி இருக்கிறது, ஈரப்பதமானி இருக்கிறது. காற்றின் வேகத்தை அளக்க ஒன்றுமே இல்லையே சார்?” என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். சென்னைப் புறநகரில் ஒரு பள்ளி. ஹாம் வானொலி (பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் வைத்துப் பேசுவது) உரிமம் பெற்ற அறிவியல் ஆசிரியர், மீனம்பாக்கத்திலிருந்து பறக்கும் வானிலைப் பலூனின் சமிக்ஞையைப் பிடிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

பெரிய சாதனங்கள் எதுவும் இல்லை. ரேடியோசோண்ட் எனப்படும் அந்தப் பெட்டி 400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் பேசுகிறது. அலைநீளம் முக்கால் மீட்டர். அதில் கால் பங்கு, சுமார் 18 சென்டிமீட்டர் செம்புக் கம்பிதான் ஆண்டெனா. கணினியில் டிவி பார்ப்பதற்காக விற்கப்பட்ட யு.எஸ்.பி. ரிசீவர் ஒன்று. மென்பொருளை ஹாம் ஆர்வலர்களே எழுதி இலவசமாகத் தருகிறார்கள். ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கும் காசில் பல பள்ளிகளில் இதை அமைத்துவிடலாம். ஆனால் திறப்பு விழாப் புகைப்படத்தில் செம்புக் கம்பி எடுபடாதே!

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். காற்றை அளக்கும் கருவி அந்தப் பலூனேதான். வாய்க்காலில் விட்ட காகிதக் கப்பலைப் போல, காற்று போகும் பக்கம் அதுவும் போகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். நொடிக்கு நொடி இடத்தைச் சொல்கிறது. ஒரு நிமிடத்தில் 600 மீட்டர் கிழக்கே நகர்ந்திருந்தால், அந்த உயரத்தில் மேற்கிலிருந்து காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. அவ்வளவுதான் கணக்கு.

ஜூலை மாதத்துப் பாதை ஒன்றை வரைபடத்தில் காட்டினார் ஆசிரியர். தென்மேற்குப் பருவக்காற்று பலூனை முதலில் வங்காள விரிகுடாப் பக்கம் தள்ளிச் செல்கிறது. மேலே ஏற ஏறப் பலூன் தயங்குகிறது. பிறகு திரும்பி, நகரத்துக்கு மேலாகவே மேற்கு நோக்கி விரைகிறது. 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசும் கீழைத் தாரைக்காற்றின், அதாவது கிழக்கிலிருந்து ஆறுபோலப் பாயும் காற்றின், வேலை இது. கோடையில் திபெத்தியப் பீடபூமி சூடாவதால் வலுப்பெறும் இந்தக் காற்றோட்டத்தை இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958இல் விளக்கினார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்தது, இங்கே கொண்டை ஊசி வளைவாகத் தெரிகிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. பாதையைப் பெரிதாக்கினால் கோடு நேராக இல்லை, நெளிகிறது. “ஜி.பி.எஸ். பிழை” என்றான் ஒருவன். பிழையானால் ஒழுங்கில்லாமல் அல்லவா இருக்க வேண்டும்? எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 11 நொடிக்கு ஒரு நெளிவு. கயிற்றில் தொங்கும் பெட்டி ஊஞ்சலாடுகிறது! ஊசல் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, அலைவு நேரத்திலிருந்து கயிற்றின் நீளத்தைக் கணக்கிட்டார் ஆசிரியர். விடை 30 மீட்டர். இந்தப் பலூன்களில் வழக்கமாகக் கட்டும் நீளமும் ஏறத்தாழ அதுதான். வெயிலில் சூடான பலூனை உரசிவரும் காற்று வெப்பமானியை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பெட்டியை அத்தனை கீழே தொங்கவிடுகிறார்கள்.

உயரத்தில் வெடித்த பலூனின் பெட்டி வயலில் விழுந்தால் ‘வானத்திலிருந்து விழுந்த மர்மப் பொருள்’ என்று ஊரே கூடுகிறது. இந்த வகுப்பில் நாற்பது பேருக்கு அதன் கயிற்று நீளம்கூடத் தெரியும்.