ஞாபகசக்திக்கு டானிக் கேக்குற அம்மாமாருக்கு

மாசி பொறந்துட்டுன்னா பாளையங்கோட்டையில என் கிளினிக் பெஞ்சுல ஒரு தனி கூட்டம் உக்காந்திருக்கும். காய்ச்சல் கிடையாது சளி கிடையாது, பிளஸ் டூ பிள்ளையோ டென்த் பிள்ளையோ ஒண்ணு தலைய தொங்கப்போட்டுட்டு இருக்கும், பக்கத்துல அம்மா. "டாக்டரம்மா, நல்லாத்தான் படிக்கான், ஆனா படிச்சதெல்லாம் மறந்துருதாம், ஞாபகசக்திக்கு ஒரு டானிக் எழுதி குடுங்க." இருபது வருஷமா இதே பேச்சுதான், டானிக் பேரு மட்டும் டிவி விளம்பரத்துக்கு தக்கன மாறும்.

அப்படி ஒரு டானிக் கிடையாதுங்க. இருந்திருந்தா அனாட்டமி படிக்கும்போது நானே பாட்டில் பாட்டிலா குடிச்சிருப்பேன். பிராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசுல, போகட்டும் பாவம்னு ஒரு விட்டமின் சிரப் எழுதி அனுப்பிருவேன், அது என் தப்புதான், ஏன்னா அந்த சிரப்ப நம்பி ஒரு பையன் ராத்திரி ரெண்டு மணி வரை கடுங்காப்பி குடிச்சு முழிச்சு கிடந்துட்டு பரிச்ச ஹால்ல போய் தூங்கிட்டான்னு அவங்கப்பா வந்து சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சது. அதுலருந்து டானிக் கேட்டு வாரவங்கள செத்த நேரம் உக்கார வச்சு பேசுதேன், வெளிய காத்திருக்கவங்க திட்டினாலும் சரி.

போன வருஷம் முக்கூடல் பக்கத்துலருந்து ஒரு பையன், பிளஸ் டூ. கையோட கெமிஸ்ட்ரி புக்கும் கொண்டாந்திருந்தான், பஸ்ல படிக்கதுக்காம். வாங்கி பிரிச்சா பக்கம் பூரா மஞ்சள், பச்சை, ரோஸ்னு ஹைலைட்டர் கோடு, கோடு போடாத வரிய தேடணும். உலோகவியல் பாடத்துல நுரை மிதப்பு முறைக்கு, அதான் தாதுவ நுரைல மிதக்க விட்டு கழிவுலருந்து பிரிக்கிறதுக்கு, மட்டும் மூணு கலர். புக்க மூடி என் மேஜை மேல வச்சுட்டு, மருந்து சீட்ட திருப்பி போட்டு பேனா குடுத்தேன், "இத எழுதுய்யா பாப்போம்". ரெண்டு வரி எழுதினான், நுரை வரும், தாது மேல மிதக்கும். அவ்வளவுதான். எந்த தாதுக்கு இது சரிப்படும், சல்பைடு தாதுக்குங்கறது இல்ல, பைன் எண்ணெய் எதுக்கு ஊத்துறாங்க இல்ல, அதோட சேக்குற சோடியம் எத்தில் சாந்தேட் பேரே வரல. (எனக்கும் மறந்து போச்சு, புக்க பாத்துதான் திருத்துனேன், அத அவன்கிட்ட சொல்லல.) "எட்டு தடவ படிச்சேன் டாக்டர்"னு அழுகுற மாதிரி சொல்லுதான். படிச்சிருக்கான், பொய் இல்ல. எட்டு தடவயும் வாசிச்சிருக்கான், ஒரு தடவ கூட மூடி வச்சு எழுதி பாக்கல. திரும்ப திரும்ப வாசிக்கும்போது வரி பழகின முகம் மாதிரி ஆயிரும், தெரிஞ்சுட்டுன்னு மனசு நம்பிரும், ஆனா பரிச்சைல அந்த முகம் எதிர்ல வந்து நிக்காது, நாமதான் உள்ளருந்து இழுத்துட்டு வரணும்.

நான் இத எப்படி விளக்குறதுன்னு யோசிக்கதுக்குள்ள அவங்கம்மா முந்திக்கிட்டாங்க. சின்ன வயசுலருந்து பீடி சுத்துறவங்க, நாளைக்கு ஆயிரம் பீடி. "ஏல, எங்கம்மை சுத்துறத பாத்துட்டே இருந்தேன், எனக்கு வந்துட்டா? சொளவ மடியில வச்சு நூறு எலய நாசமாக்கின பொறவுல்லா கை பழகுச்சு"ன்னாங்க. இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல. அன்னைக்கு ஃபீஸ் வாங்கல.

ஆராய்ச்சி பண்ணவங்களும் இதத்தான் சொல்லுதாங்க. 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன்னையே வச்சு சோதிச்சு பாத்து, படிச்சது முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே மளமளன்னு உதிருது, நாள் விட்டு திரும்ப படிச்சா கெட்டியா நிக்குதுன்னு எழுதி வச்சிட்டாரு. 2006ல அமெரிக்காவுல காலேஜ் பிள்ளைங்கள வச்சு பாத்ததுலயும், திரும்ப வாசிச்சவங்கள விட புக்க மூடிட்டு ஞாபகத்துலருந்து எழுதி பாத்தவங்களுக்குதான் ஒரு வாரம் கழிச்சு அதிகமா நின்னுச்சு. அதனால பிள்ளை எத்தன மணி நேரம் உக்காந்துச்சுன்னு எண்ணாதீங்க, இன்னைக்கு மூடி வச்சு என்ன எழுதினேன்னு கேளுங்க, நாலு நாள் கழிச்சு அதையே இன்னொரு தடவ எழுத சொல்லுங்க. உங்களுக்கு பாடம் தெரிய வேண்டியதில்ல, புக்க கையில வச்சு சரிபாக்க கண்ணு இருந்தா போதும்.

அடுத்தது தூக்கம். படிச்சது மூளையில நல்லா படியுறது தூங்கும்போதுதான், இந்த வயசு பிள்ளைங்களுக்கு எட்டுலருந்து பத்து மணி நேரம் வேணும். பத்துக்கு வாய்ப்பே இல்லன்னு எனக்கு தெரியும், ஏழு மணி நேரமாவது தூங்க விடுங்க. அதுங்க உடம்பு கடிகாரமும் இந்த வயசுல கொஞ்சம் பின்னால தள்ளித்தான் ஓடும், ஒம்போது மணிக்கு படுன்னா தூக்கம் வராது, விடியக்காலம் நாலு மணிக்கு தண்ணி தெளிச்சு எழுப்புறது கொடுமை. பதினொண்ணு டு ஆறு வச்சுக்கோங்க. போன் வேற ரூம்ல சார்ஜ்ல கிடக்கட்டும், "நாளைக்கு கண்டிப்பா வரும் கேள்வி"ன்னு ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்ல வரதுல பாதி புரளி, மீதி ஏற்கனவே படிச்சது.

இன்னொண்ணு, பப்ளிக் பரிச்ச காலைல பத்து மணிக்கு. பத்து நிமிஷம் கேள்வித்தாள் வாசிக்க, அஞ்சு நிமிஷம் விவரம் சரிபாக்க, பத்தேகால்லருந்து ஒண்ணேகால் வரை எழுதணும். ராத்திரியே படிச்சு பழகின மூளை காலைல பத்தேகாலுக்கு கொட்டாவி விடும். அதனால ஸ்டடி லீவுல அதே நேரத்துக்கு, மின்விசிறி மட்டும் போட்டு, மூணு மணி நேரம் எந்திரிக்காம ஒரு பழைய கேள்வித்தாள எழுதட்டும். முதல் தடவ முதுகு வலிக்கும், கை வலிக்கும், அஞ்சு மார்க் கேள்விக்கு நேரம் பத்தாது. அது வீட்லயே தெரிஞ்சு போகட்டும்.

உடம்ப பத்தியும் சொல்லணும், அதுதான என் சோலி. புக்க தொறந்ததும் தூங்குதா, சோம்பேறின்னு ஒரு பிள்ளைய கூட்டிட்டு வந்தாங்க, "ஏட்டி, நிமிந்து நில்லு"ன்னு என் முன்னாடியே ஒரு அதட்டு. கண்ண இழுத்து பாத்தா வெளுத்து கிடக்கு, ரத்தம் எடுத்தா ஹீமோகுளோபின் 8.4. 12க்கு மேல இருக்கணும். சோம்பேறித்தனம் ஒண்ணும் இல்ல, ரத்தம் இல்ல. தலைவலின்னு சொல்ற பிள்ளைக்கு முதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் பொம்பளப்பிள்ளைங்களுக்கு பரிச்ச தேதிக்கு பீரியட்ஸ தள்ளிப்போட மாத்திரைய நீங்களா மெடிக்கல்ல வாங்கி குடுக்காதீங்க, வலி அதிகம்னா ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டுங்க, வலிக்கு நல்ல மாத்திரை இருக்கு. சாப்பாட்டுக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம், உளுந்தம்பருப்பு சோறும் எள்ளுத் துவையலும் நம்ம ஊர்ல இருக்கதுதான, ஆனா பரிச்ச அன்னைக்கு புதுசா எதுவும் பண்ணி போடாதீங்க, வெறும் வயித்தோட முதல் பஸ்ஸ பிடிக்கவும் விடாதீங்க.

பங்குனி உத்திரம் பெரும்பாலும் டென்த் பரிச்சைய ஒட்டித்தான் வரும். சாஸ்தா கோயிலுக்கு கூட்டிட்டு போலாமான்னு கேப்பாங்க. பிள்ளைக்கு இஷ்டம்னா கூட்டிட்டு போங்க, அரை நாள்ல ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆனா அங்க கூடுற சொந்தக்காரங்க அம்புட்டு பேரும் "எவ்வளவு எடுப்ப?"ன்னு கேப்பாங்க பாருங்க, அதுக்கு நீங்க குறுக்க நிக்கணும். 2017லயே அரசாங்கம் ரேங்க் அறிவிக்கிறத நிறுத்திட்டு, ஆனா நம்ம தெருக்காரங்க இன்னும் நிறுத்தல. நானே என் மகன்கிட்ட "அடுத்த வீட்டு பையன பாரு"ன்னு ஒரு தடவ சொல்லிட்டேன், மூணு நாள் என்கூட பேசல அவன், நியாயந்தான்.

பிளஸ் டூல பிராக்டிக்கல் இருக்க பாடத்துல தியரி 70க்கு 15 வாங்கி, எல்லாம் சேத்து 35 வந்தா பாஸ். பயந்து கிடக்க பிள்ளைக்கு இத மொதல்ல சொல்லுங்க, 600க்கு 590 கதைய அப்புறம் பேசலாம். ஒரு பாடம் போச்சுன்னாலும் ரிசல்ட் வந்த கையோட துணைத்தேர்வு இருக்கு, அதே வருஷம் காலேஜும் சேரலாம். இத ரிசல்ட் அன்னைக்கு சொன்னா காதுல ஏறாது, இப்பவே சொல்லி வைங்க.

பிள்ளை சரியா சாப்பிடல, தூங்கல, தனியா போய் உக்காருது, "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி"ன்னு விளையாட்டா கூட ஒரு வார்த்த விட்டுட்டுன்னா, அத நடிப்புன்னு நினைக்காதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்டா எண்ணம் வந்துரும்கிறது தப்பு. தனியா விடாதீங்க. மனசு கஷ்டத்துக்கு அரசாங்கம் வச்சிருக்க போன் உதவி டெலி மனாஸ், நம்பர் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அரசாங்க மருத்துவ உதவி நம்பர் 104லயும் பேசலாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கே கூட்டிட்டு போங்க.

வீட்ல இடம் இல்ல, டிவி சத்தம், தம்பி தங்கச்சி தொல்லைன்னு சொல்ற பிள்ளைங்களுக்கு, பரிச்ச முடியுற வரை ஞாயித்துக்கிழமை என் கிளினிக் பெஞ்சு காலியாத்தான் கிடக்கு. போன வாரம் நாலு பேரு வந்து எழுதினாங்க. பெல் கிடையாது, பத்தேகாலுக்கும் ஒண்ணேகாலுக்கும் கம்பவுண்டர் அண்ணாச்சி எவர்சில்வர் டம்ளர்ல ஸ்பூன வச்சு தட்டுவாரு.