காட்டியது ஒன்று, எரிந்தது ஒன்று

சைகையால் இயங்கும் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. கையை நீட்டி ஒரு விளக்கைக் காட்டுவார்கள், வேறொன்று எரியும். உடனே "கேமரா சரியில்லை போல" என்பார்கள். பல நேரம் கேமரா சரியாகத்தான் பார்த்திருக்கும். கைதான் அந்த விளக்கை நோக்கி இருந்திருக்காது.

நம்பிக்கை இல்லையா? மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவிட்ச் பெட்டி ஒன்றை, கையை முழுக்க நீட்டி விரலால் காட்டுங்கள். கையை அசைக்க வேண்டாம். இன்னொருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, தோளிலிருந்து விரல் நுனி வழியாக ஒரு கோடு போனால் சுவரில் எங்கே முட்டும் என்று கேளுங்கள். பெட்டிக்கு நன்றாக மேலே ஓர் இடத்தைச் சொல்வார்.

காரணம் எளிது. கண், விரல் நுனி, இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி நாம் கையை வைக்கிறோம். ஆனால் கை தொடங்குவது தோளில். கண்ணைவிடத் தோள் 20 செ.மீ. கீழே, விரல் நுனி 65 செ.மீ. முன்னே என்று வைத்துக்கொண்டால், மூன்று மீட்டரில் கையின் கோடு இலக்குக்குச் சுமார் 70 செ.மீ. மேலே போகும். வலக்கையால் காட்டினால் இடப்பக்கமும் விலகும். நீங்கள் சுவிட்சைக் காட்ட, இயந்திரம் அதற்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளும்.

மனிதர்களும் இப்படித்தான் ஏமாறுகிறோம். ஜவுளிக்கடையில் "அந்த மாம்பழக் கலர்" என்று காட்டினால், "இதுவாக்கா?" என்று தம்பி வேறொன்றைத் தொடுவார். "இல்லப்பா, அதுக்குக் கீழ் அடுக்கு." இரண்டு பேச்சில் முடிந்துவிடும். இயந்திரம் கேட்பதில்லை, நேராகச் செய்துவிடுகிறது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ பல்கலைக்கழகத்தில் நிக்கல், ஸ்டீஃபல்ஹாகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்கையின் திசையைவிட, தலையிலிருந்து கைக்குப் போகும் கோடே இலக்கை நன்றாகக் காட்டியது. 2010-இல் வந்த கினெக்ட் என்ற மைக்ரோசாஃப்ட் கேமரா, தலை, கை உட்பட உடலின் 20 புள்ளிகளைத் தந்தது. ஆக, வேண்டிய தகவல் எப்போதோ கைக்கு வந்துவிட்டது. இன்றும் கருவி செய்பவர்களில் பலர் முழங்கையையும் மணிக்கட்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டு அதுவே திசை என்கிறார்கள்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமரா படத்தில் கையைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மீடியாபைப் மென்பொருள், கையில் 21 புள்ளிகளைக் கொடுக்கும், சரி. ஆனால் அது சொல்லும் ஆழம் மணிக்கட்டை வைத்துக் கணித்தது. கேமராவிலிருந்து உண்மையான தூரம் இல்லை. திரையில் சுட்டியை நகர்த்த அது போதும். அறையில் இருக்கும் மின்விசிறியைக் காட்டப் போதாது. விரல் கேமராவை நோக்கியே நீண்டால் இன்னும் சிக்கல்: முன்கை முஷ்டிக்குப் பின்னால் மறைந்துவிடும், திசை கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

1980-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் என்ற ஆய்வாளர், நாற்காலியில் உட்கார்ந்து பெரிய திரையைக் கையால் காட்டி, "அதை அங்கே வை" என்று வாயால் சொல்லி வடிவங்களை நகர்த்தும் ஏற்பாட்டைச் செய்தார். கேமரா இல்லை, கையில் கட்டிய காந்த உணரிதான். கை எங்கே காட்டுகிறது என்பதைத் திரையில் ஒரு சிறு குறி உடனுக்குடன் காட்டிக்கொண்டிருந்தது. கோடு விலகினாலும், குறியைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பாதி வேலையைச் செய்தது அந்தக் குறிதான். அறையில் உள்ள பொருள்களுக்கு அப்படி ஒரு குறி கிடையாது. அதனால் கருவி இலக்கின் மேல் ஒரு ஒளிப்புள்ளி விழச் செய்யலாம், அல்லது "சன்னல் பக்க விளக்கா?" என்று கேட்கலாம். பட்டறையில் ரோபோ கையை இப்படி இயக்குவதாக இருந்தால், உறுதிப்படுத்தாமல் அது நகரவே கூடாது.

அப்புறம், எல்லோரும் ஒற்றை விரலால் காட்டுவதில்லை. விரல் நீட்டுவது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். கையில் பை இருந்தால் தாடையால் காட்டுவார்கள். முடியை ஒதுக்கக் கை தூக்குவதும் கருவிக்குச் சைகைதான்.

ஆகவே வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ இப்படி ஒன்றை வாங்குவதாக இருந்தால், டெமோவில் விற்பவரைக் காட்டச் சொல்லாதீர்கள். எங்கே நின்று, எப்படிக் கை நீட்ட வேண்டும் என்று அவருக்குப் பழகிப்போயிருக்கும். உங்கள் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அருகருகே இருக்கும் இரண்டு விளக்குகளில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.