டிவிதான் துப்பாக்கியைச் சுடுகிறது

பரணிலிருந்து பழைய டிவி கேமை இறக்கித் தூசு தட்டிப் புது எல்இடி டிவியில் மாட்டினால் மாரியோ நன்றாக ஓடுகிறார், வாத்து சுடும் விளையாட்டில் வாத்து மட்டும் சாக மாட்டேன் என்கிறது, கூட வந்த பொம்மைத் துப்பாக்கி போய்விட்டதா என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

போயிருக்கலாம். ஆனால் துப்பாக்கி புத்தம் புதிதாக இருந்தாலும் அந்த டிவியில் ஒரு வாத்துகூட விழாது.

விளையாட்டின் பெயர் டக் ஹன்ட். நின்டெண்டோ நிறுவனம் 1984இல் ஜப்பானில் வெளியிட்டது. நம் ஊருக்கு அது வந்தது பெரும்பாலும் நகல் பெட்டிகளின் வழியாக, தொண்ணூறுகளில், ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு இருப்பதாகப் புளுகும் ஸ்டிக்கரோடு. அசல் கேசட்டின் மொத்த நினைவகம் 24 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை. கதிரும் இல்லை, லேசரும் இல்லை. ‘சுட்டுச் சுட்டே பிக்சர் டியூப் போய்விடும்’ என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள் இன்று நிம்மதியாக இருக்கலாம். குழலுக்குள் இருப்பது ஒரு பிளாஸ்டிக் லென்ஸும் அதன் பின்னால் ஓர் ஒளி உணரியும்தான். டிவிதான் சுடுகிறது, துப்பாக்கி வாங்கிக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1970 வாக்கில் இதே நின்டெண்டோ விற்ற பொம்மைத் துப்பாக்கியில் ஏற்பாடு தலைகீழ்: துப்பாக்கிக்குள் விளக்கு, இலக்குப் பலகையில் சூரிய மின்கலம். அந்த மின்கலத்தை ஷார்ப் நிறுவனத்திலிருந்து விற்க வந்த மசாயுகி உயெமுராதான் பின்னாளில் நின்டெண்டோவில் சேர்ந்து டக் ஹன்ட் ஓடும் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியையே வடிவமைத்தார்.

இனி அழகான பகுதி. ட்ரிக்கரை இழுத்ததும் திரை ஒரு கணம் வெட்டி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்துக்குள் இரண்டு மூன்று படங்கள் ஒளிந்திருக்கின்றன. முதல் படம் முழுக்கக் கறுப்பு. அடுத்த படத்திலும் எல்லாம் கறுப்பு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டு வாத்து பறந்தால் இன்னொரு படம் கூடும், அதில் இரண்டாவது வாத்துக்கான கட்டம். ஒவ்வொரு படமும் நிற்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு, 50 ஹெர்ட்ஸ் டிவியானால் ஐம்பதில் ஒரு பங்கு. பெட்டி துப்பாக்கியிடம் கேட்பது ஒரே கேள்வி: ‘வெளிச்சம் தெரிகிறதா?’ இரண்டாவது படத்தில் தெரிந்தால் முதல் வாத்து காலி. மூன்றாவதில் தெரிந்தால் அடுத்தது. திரையில் எந்த இடத்தைக் குறிபார்க்கிறீர்கள் என்று பெட்டிக்குக் கடைசிவரை தெரியாது. தெரியவும் தேவையில்லை. ‘எங்கே’ என்ற கேள்வியை ‘எப்போது’ என்று மாற்றிக் கேட்டதில்தான் அந்தப் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அப்படியானால் முதல் கறுப்புப் படம் எதற்கு? குண்டு பல்பை நோக்கிச் சுட்டு எல்லா வாத்தையும் வீழ்த்தப் பார்க்கும் கில்லாடிகளுக்காக. கறுப்புப் படத்திலேயே துப்பாக்கி வெளிச்சம் பார்த்தால் ‘இவன் டிவியைப் பார்க்கவில்லை’ என்று முடிவுகட்டி, குறி தவறியதாகக் கணக்கு எழுதிவிடும்.

பல்புக்கு எதிராக இன்னொரு காவலும் உண்டு, வில்லங்கமே அதில்தான். பிக்சர் டியூபில் முழுப் படம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே வரிவரியாக ஓடுகிறது. நம் டிவி முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோநொடி, அதாவது நொடிக்கு 15,625 வரி. கற்றை பட்ட புள்ளி பளிச்சிட்டு உடனே மங்கத் தொடங்கும். முழுப் படம் இருப்பதாக நினைப்பது நம் கண்ணின் சோம்பல். உணரிக்கு அந்தச் சோம்பல் கிடையாது. 32 வரி உயரமுள்ள வெள்ளைக் கட்டம் அதற்கு நின்றெரியும் விளக்கல்ல. வரிக்கு ஒன்றாக, சுமார் 2 மில்லிநொடிக்குள் வந்துபோகும் ஒளிச் சொடுக்குகள். அசல் துப்பாக்கியின் சுற்றில் 15 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய துடிப்பை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி இருக்கிறது. நொடிக்கு 100 முறை துடிக்கும் பல்பும், ஒரே சீரான வெயிலும் வாசலிலேயே நின்றுவிடும்.

எல்சிடி, எல்இடி டிவியின் பின்விளக்கு அந்தத் தாளத்தில் துடிப்பதில்லை. எனவே கட்டம் எவ்வளவு வெள்ளையாகத் தெரிந்தாலும் வடிகட்டிக்கு அதுவும் வெயில்தான். இதைச் சரிசெய்தாலும் தாமதம் குறுக்கே வரும். புது டிவி வந்த படத்தை முதலில் சேமித்து, பெரிதாக்கி, மெருகேற்றி, பல மில்லிநொடி கழித்தே காட்டும். பெட்டி அந்த ஒரு படத்துக்குள் பதில் கேட்டுவிட்டுப் போயிருக்கும். வெள்ளைக் கட்டம் பிறகு வந்து யாருக்கு என்ன பயன்? டிவி அமைப்பில் உள்ள கேம் மோடு தாமதத்தைக் குறைக்கும், 15 கிலோஹெர்ட்ஸைக் கொண்டுவராது. வடிகட்டியைத் தாண்டிச் சுற்றை மாற்றி, விளையாட்டின் நிரலிலும் காத்திருப்பைச் சேர்த்து வேலை செய்ய வைத்தவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலிக்காது.

ஆகவே பழைய பிக்சர் டியூப் டிவி ஒன்றைத் தேடுங்கள். ‘100 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால் வேண்டாம். அது படத்தைச் சேமித்து இரட்டை வேகத்தில் வரைவதால் எல்சிடி போலவே ஏமாற்றும். பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் ஏற்றுங்கள். லென்ஸில் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். டிவியின் பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது, ஏனெனில் ட்ரிக்கரும் உணரியும் பெட்டிக்குத் தனித்தனிச் செய்தி அனுப்புகின்றன. இழுத்தும் மூன்று தோட்டாவில் ஒன்று குறையவில்லையா? ட்ரிக்கர் சுவிட்ச், அல்லது கைப்பிடி அருகே வளைந்து வளைந்து உள்ளே அறுந்த வயர். தோட்டா குறைகிறது, திரை வெட்டுகிறது, ஆனால் அடிபடவில்லையா? குழலைத் திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்து வாத்தின் மேலேயே சுடுங்கள். அப்போது விழுந்தால் லென்ஸோ வெளிச்சமோதான் குறை. அப்போதும் விழாவிட்டால் உணரி அல்லது அதன் சுற்று.

பள்ளி ஆய்வகங்களில் இயற்பியல் கருவிக்குப் பணமில்லை என்பது தீராத பல்லவி. பத்து இருபது ரூபாய் ஒளி உணரி, எடைக்குப் போகவிருக்கும் டிவி, மின் துடிப்பை அலையாக வரைந்து காட்டும் ஓர் அலைநோக்கி (ஆசிலாஸ்கோப்). ஒளி, அதிர்வெண், வடிகட்டி மூன்றையும் ஒரே வகுப்பில் காட்டிவிடலாம்.

பிந்தைய தலைமுறைத் துப்பாக்கிகள் திரையை நம்புவதையே விட்டுவிட்டன. நின்டெண்டோவின் பிந்தைய விளையாட்டுப் பெட்டியான வீயின் (Wii) ரிமோட்டில் ஒரு அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. டிவி மேல் வைக்கும் சென்சார் பாரின் இரு முனை விளக்குகளைப் பார்த்துத் தன் குறியைக் கணக்கிடுகிறது. பெயர்தான் சென்சார் பார், உள்ளே இருப்பது வெறும் அகச்சிவப்பு எல்இடிகள். அது கைவசம் இல்லாதவர்கள் டிவிக்கு முன்னால் ஓரடி இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து விளையாடுகிறார்கள். டக் ஹன்ட் 2014இல் வீக்கு அடுத்த வீ யூ பெட்டிக்கு வந்தபோது வாத்து சுட்டதும் இந்த ரிமோட்தான். பல்பைக் காட்டி ஏமாற்ற முடியாத வாத்து, முப்பது ஆண்டு கழித்து மெழுகுவர்த்திக்கு விழுந்தது.