2021-இன் 589-உம் 2025-இன் 565-உம்: அயர்லாந்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு

டப்ளினில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு வழிகாட்டும் வேலை என்னுடையது. ஆகஸ்ட் கடைசியில், பள்ளி இறுதித் தேர்வான லீவிங் சர்ட் முடிவு வந்துவிட்டால் கைப்பேசி ஓயாது. 2025-இல் முடிவு வந்த வார இறுதியில், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, என் நாத்தனார் பொண்ணு 2021ல 589 பாயிண்ட்ஸ் எடுத்தா. இவ அவளைவிட நல்லாப் படிக்கிறவ. 565தான் வந்திருக்கு. எங்கே கோட்டை விட்டோம்னே தெரியல."

மகள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கல்லூரியில் இடம் இந்த பாயிண்ட்ஸ் கணக்கில்தான் கிடைக்கும். ஒரு பாடத்தைக் கடினமான தாளான ஹையர் லெவலில் எழுதி 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் எச்1, அதற்கு 100 பாயிண்ட்ஸ். 80-இலிருந்து 90-க்குள் எச்2, அதற்கு 88. ஆறு பாடங்கள் கணக்கில் சேரும். கணிதத்தை ஹையர் லெவலில் எழுதி எச்6 அல்லது அதற்கு மேல் எடுத்தால் கூடுதலாக 25. ஆக, மூன்று எச்1, மூன்று எச்2, கணித போனஸ் சேர்ந்தால் 589. ஒரு எச்1, ஐந்து எச்2, அதே போனஸ் என்றால் 565. வித்தியாசம் இரண்டே பாடங்கள். அந்த இரண்டிலும் இந்தப் பெண் 88, 89 என்று நின்றிருக்கலாம்.

நான் அந்த அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். இந்த இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. தராசை மாற்றியது அரசியல் தலைமை. மாற்றியதற்குக் காரணங்கள் உண்டு, நல்ல காரணங்களும் உண்டு. ஆனால் அது மாறியது தெரியாமல் நம் வீடுகளில் பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்கள்.

2020-க்குப் போவோம். மார்ச் 12 அன்று வாஷிங்டனில் இருந்த பிரதமர் லியோ வராட்கர் அங்கிருந்தபடியே பள்ளிகளை மூடுவதாக அறிவித்தார். மே மாதம் கல்வி அமைச்சர் ஜோ மெக்ஹியூ அந்தக் கோடையின் எழுத்துத் தேர்வையே ரத்து செய்தார். 1925-இல் தொடங்கிய தேர்வு அது. அதற்குப் பதிலாக, ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண்ணை மதிப்பிட்டு வகுப்பில் வரிசைப்படுத்தித் தர, அதை நாடு முழுக்கச் சீராக்க ஒரு கணினி நிரல் என்று முடிவானது. ஜூன் கடைசியில் அரசு மாறியது. மீஹால் மார்ட்டின் பிரதமரானார், நோர்மா ஃபோலி கல்வி அமைச்சரானார். இருவருமே முன்னாள் ஆசிரியர்கள். மார்ட்டின் 1997 முதல் 2000 வரை கல்வி அமைச்சராகவும் இருந்தவர்.

அந்த நிரலில், பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியையும் கணக்கில் எடுப்பதாக முதலில் திட்டம். ஆகஸ்டில் இங்கிலாந்தில் இதே போன்ற முறையால் ஏழைப் பகுதிப் பிள்ளைகளின் தரம் சரிந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசு பின்வாங்கியது. அதைப் பார்த்த டப்ளின், முடிவு வெளியாக ஒரு வாரமே இருக்கும்போது பள்ளியின் பழைய வரலாற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. நான் அப்போதும் இதை ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன். ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாள் என்பதற்காக அவள் மதிப்பெண் குறையக் கூடாது. கட்டணப் பள்ளி மாணவர் ஒருவர் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். 2021 மார்ச்சில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது.

அந்த ஆண்டு தரங்கள் 2019-ஐவிடச் சராசரியாக 4.4 சதவீதம் உயர்ந்தன. செப்டம்பர் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. நிரலில் பிழை. இடைநிலைத் தேர்வான ஜூனியர் சர்ட்டில் ஐரிஷ், ஆங்கிலம், கணிதத்தோடு மாணவர் நன்றாகச் செய்த இரண்டு பாடங்களை எடுக்க வேண்டிய இடத்தில், மோசமாகச் செய்த இரண்டை எடுத்திருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தரம் குறைவாகப் போயிருந்தது. அதைப் பின்னர் உயர்த்திக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் விரும்பிய கல்லூரி கைநழுவிய பிள்ளைகளுடன் நான் பேசியிருக்கிறேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

2021-இல் தேர்வும் இருந்தது, ஆசிரியர் மதிப்பீடும் இருந்தது. இரண்டையும் தேர்ந்தெடுத்தவருக்கு எது அதிகமோ அது கிடைத்தது. தரங்கள் மேலும் ஏறின. நாத்தனார் மகளின் 589 அந்த ஆண்டைச் சேர்ந்தது. அவள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆண்டைத்தான் சொல்கிறேன்.

2022 முதல் எல்லாரும் பழையபடி தேர்வு எழுதினார்கள். ஆனால் முந்தைய ஆண்டுப் பிள்ளைகளைவிட இவர்கள் பின்தங்கிவிடக் கூடாது என்று அரசு வாக்குக் கொடுத்திருந்ததால், தாள் திருத்தி முடித்தபின் அரசுத் தேர்வு ஆணையம் மொத்த மதிப்பெண்களையும் மேலே தூக்கியது. 2024 வரை இப்படியே நடந்தது. கோவிட்டுக்கு முந்தைய நிலையைவிடச் சராசரியாக 7 சதவீதம் மேலே இருந்த முடிவுகளை 2025-இல் சுமார் 5.5 சதவீதத்துக்கு இறக்கத் தொடங்கினார்கள். ஏறுவதற்கு இரண்டு கோடை போதுமாயிருந்தது, இறங்குவதற்கு ஆண்டுகள் ஆகும். எந்த அமைச்சருக்கும் தன் காலத்துப் பிள்ளைகளிடம் "உங்களிலிருந்து குறைக்கிறோம்" என்று சொல்வது கடினம்.

இறக்க வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன். எல்லாருக்கும் எச்1 என்றால் உச்சமான 625 எடுத்த பிள்ளையும் சில படிப்புகளுக்குக் குலுக்கலில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு குறையை யாரும் மறைக்கக் கூடாது. முந்தைய ஆண்டு எடுத்த பாயிண்ட்ஸை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆக, 2025-இல் எழுதிய பெண், கூடுதலாகத் தூக்கிவிடப்பட்ட 2024 மதிப்பெண்ணோடு அதே இடத்துக்குப் போட்டியிட்டாள்.

நடைமுறைக்கு வருகிறேன். கல்லூரிச் சேர்க்கைக்கான சிஏஓ விண்ணப்பத்தில் படிப்புகளை உங்கள் பிள்ளை விரும்பும் வரிசையில் எழுதுங்கள். போன ஆண்டு கட்-ஆஃப் பார்த்து வரிசை போடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. தராசு நகரும்போது கட்-ஆஃபும் நகரும். வரிசையை ஜூலை 1 வரை மாற்றலாம். கணிதத்தில் ஹையர் லெவலா ஆர்டினரியா என்று தடுமாறும் பிள்ளைக்கு, எச்6-க்கு 46-உம் 25-உம் சேர்ந்து 71, எச்7-க்கு வெறும் 37, ஆர்டினரியில் முதல் தரமான ஓ1-க்கு 56. எச்6-க்கான 40 மதிப்பெண் கோட்டைத் தாண்டுவாளா என்று கணித ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள், உறவினரிடம் கேட்காதீர்கள். முடிவு வந்தபின் திருத்திய தாளைப் பார்க்கும் உரிமை உண்டு, அவகாசம் சில நாட்கள்தான். மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு, தரம் உயர்ந்தால் அது திரும்பி வரும். தரம் இறங்கவும் கூடும் என்பதால் தாளைப் பார்க்காமல் போடாதீர்கள்.

இன்னொன்று. இங்கே நாடாளுமன்ற உறுப்பினர்கள், டிடி என்று சொல்வோமே, தொகுதி மக்களைச் சந்திக்க கிளினிக் நடத்துகிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் போகலாம். 1966-இல் டோனா ஓ'மாலி என்ற கல்வி அமைச்சர் அமைச்சரவை ஒப்புதல் பெறும் முன்பே மேல்நிலைக் கல்வி இலவசம் என்று ஒரு கூட்டத்தில் அறிவித்துவிட்டார். அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டில் பள்ளிக்கூட விஷயம் எப்போதும் அரசியல்வாதியின் மேசையில்தான் இருந்திருக்கிறது. நாம்தான் அந்த மேசைக்குப் போவதில்லை. "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்துவிடுகிறோம்.

அந்த அம்மா கேட்டார்: "நாங்க போய்ப் பேசினா கேப்பாங்களா அக்கா?"

"கேப்பாங்கம்மா. கேள்வியை எழுதி எடுத்துட்டுப் போங்க."

மகள் அப்போதுதான் நிமிர்ந்தாள். கணக்குப் போட்ட தாளைக் கேட்டு வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் தானே எழுதினாள்: போன ஆண்டு மதிப்பெண்ணோடு வருகிறவர்களுக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யார் ஈடு செய்வார்கள்? சனிக்கிழமை காலை, அம்மாவின் நைட் டூட்டி முடிந்ததும், இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். டிடி அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, கல்வி அமைச்சருக்கு எழுத்துவழிக் கேள்வியாக அனுப்புகிறேன் என்று சொல்லி அவள் பெயரைக் குறித்துக்கொண்டாராம்.